கணிப்பொறியின் கணக்கும் கரிசல் நாட்டு வெயிலும்

கண்ணாற் காணாத பொருளுக்கு விலை பேசுதல் வணிகர்க்கு ஆகாது என்பர். ஆயினும் நமது தூத்துக்குடிக் கடற்கரையில் நெடுங்காலம் நடைபெற்ற முத்துக்குளிப்பு இம்முறையிலேதான் நடந்தது. ஆழ்கடலில் முத்துப்பார்களின்மேற் கிடக்கும் சிப்பிகளை யார் எண்ணி அறியவல்லார்? ஆதலின் குளிப்பு அறிவிக்கப்படுமுன்னரே அதிகாரிகள் படகேறிச் சென்று, மூழ்குவோரைக்கொண்டு சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்து, அவற்றிற் கிடைத்த முத்துக்களை வகைபிரித்து விலைமதித்து, அம்மதிப்பைக் கொண்டே முழுப்பாரின் பயனையும் கணக்கிட்டனர். கணக்கு நன்றாயின் குளிப்பு நடைபெறும், அன்றேல் கைவிடப்படும். இக்கரையில் அரசினர் இறுதியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ஆம் ஆண்டில். சிறிது கண்டு பெரிதைக் கணிக்கும் அம்முறை மட்டும் அழியவில்லை. அது கடலை விட்டு ஆய்வுக்கூடத்திற் குடியேறி, கணிப்பொறி என்னும் புதிய கருவியைக் கைக்கொண்டு, இன்று உலகெங்கும் பெரும் பெரும் இயந்திரங்களின் தலைவிதியைத் தீர்மானித்து வருகின்றது.

அவ்வாறு கணிக்கப்படும் இயந்திரங்களுள் ஒன்றைப் பற்றியே ஈண்டுச் சில கருத்துக்களைக் கூற விழைகின்றேன். மாறுநிலை கடந்த கரியமில வாயுவினாற் சுழலும் டர்பைன் என்பது அது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இஃது எங்கோ தொலைதூர நாட்டு நிபுணர்க்குரிய பொருள் என்று நம் மாணவர் ஏட்டைப் புரட்டிவிடலாகாது. விளாத்திகுளம் வட்டாரத்து வெயிலுக்கும், தண்ணீர்ப் பஞ்சத்துக்கும், தூத்துக்குடிக் கடலின் வெம்மைக்கும் இவ்வியந்திரத்தோடு நேரான தொடர்புண்டு என்பதும், அத்தொடர்பைக் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பு நம்முடையதே என்பதும் என் கருத்து.

முதலில் பொருளின் இயல்பைக் காண்போம். 1869-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்டு நகரத்துப் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பவர், இலண்டன் ராயல் சங்கத்தின்முன் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கண்ணாடிக் குழாயில் அடைத்த கரியமில வாயுவை அழுத்தியும் சூடேற்றியும் அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஏறத்தாழ 31 பாகை வெப்பத்துக்கு மேல் அவ்வாயுவை எவ்வளவு அழுத்தினும் அது திரவமாக மாறுவதில்லை என்றும், அந்நிலையில் வாயு, திரவம் என்னும் வேற்றுமையே மறைந்துவிடுகின்றது என்றும் அவர் நிறுவினார். இவ்வெல்லையையே மாறுநிலை என்கின்றோம். கரியமில வாயுவுக்கு மாறுநிலை வெப்பம் 31 பாகை. மாறுநிலை அழுத்தம் 73.8 பார். (இது முத்துப்பார் அன்று, அழுத்தத்தை அளக்கும் அலகுக்கும் பார் என்பதே பெயர். ஒரு பார் என்பது நாம் அன்றாடம் தாங்கி நிற்கும் காற்றழுத்தத்துக்கு ஏறக்குறைய ஈடானது.) இவ்விரண்டு எல்லைகளையும் கடந்த கரியமில வாயு, திரவத்தைப்போற் கனமாகவும் வாயுவைப்போல் எளிதில் ஓடுவதாகவும் இருக்கும் ஒரு விந்தைப் பொருள்.

இவ்விந்தையினால் விளையும் பயன் யாது? எரிவாயு டர்பைன்களில், சுழலும் சக்கரம் ஈட்டும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியைக் காற்றை அழுத்தும் கருவியே விழுங்கிவிடுகின்றது. ஈட்டியதிற் பாதியை வட்டிக்குக் கொடுக்கும் குடும்பத்தைப் போன்றது அது. மாறுநிலைக்கு அருகில் கரியமில வாயு திரவம்போற் கனமாயிருத்தலால், அதனை அழுத்துதற்கு வேண்டும் வேலை மிகக் குறைவு. வட்டி குறையவே சேமிப்பு மிகும். நீராவி டர்பைனிலோ இடர் வேறு. அங்கே ஆவி இறுதியில் ஏறக்குறைய வெற்றிடமான அழுத்தத்துக்கு விரிவதால், அதற்கு இடங்கொடுக்க ஆளினும் உயர்ந்த சக்கரங்கள் வேண்டும். கரியமில வாயுவோ தன் சுற்றில் எவ்விடத்தும் 70 பாருக்குக் கீழ் இறங்க வேண்டுவதில்லை. ஆதலால் அதன் சக்கரம் வியக்கத்தக்க சிறுமையுடையதாகின்றது. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரிலுள்ள தென்மேற்கு ஆராய்ச்சிக் கழகத்தில் 10 மெகாவாட் திறனுக்கு அமைக்கப்பெற்ற சோதனை நிலையத்தின் டர்பைன், ஓர் எழுதுமேசையின் அளவே என்பர். அந்நிலையத்துக்கு 2018-இல் கால்கோள் செய்தனர்; 2023-இல் கட்டி முடித்தனர்; 2024-இல் அது முதன்முதலாக மின்சாரம் தந்தது.

இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1968-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஃபெஹர் என்பவரும், இத்தாலியில் ஆஞ்சலீனோ என்பவரும் இச்சுற்றினை விரிவாக ஆராய்ந்து எழுதினர். பின்னர்ப் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த அக்கருத்தை, 2004-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோஸ்தல் என்னும் மாணவர் தம் ஆய்வேட்டில் மீண்டும் எழுப்பினார். 550 பாகை வெப்பத்தில் நூற்றுக்கு 45 பங்குக்குச் சற்று மிகுதியாகவே வெப்பம் வேலையாக மாறும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். உலகத்தின் கருத்தை ஈர்த்தது அந்த எண். ஆயின் அந்த எண்ணின் பின்னே நின்ற மற்றோர் எண்ணைக் கவனித்தோர் சிலரே. அழுத்தும் கருவியுட் புகும்போது வாயு 32 பாகைக்குக் குளிர்ந்திருத்தல் வேண்டும் என்பதே அக்கணக்கின் அடிப்படை. இக்கட்டுரையின் உயிர்நாடியும் அந்த 32 பாகைதான்.

அதற்குச் செல்லுமுன், கணிப்பொறியிற் பாவித்துப் பார்த்தல் என்பது யாதென அறிதல் நலம். ஓடும் பொருள்களின் இயக்கத்துக்குரிய சமன்பாடுகளை 1822-இல் நவியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளரும், 1845-இல் ஸ்டோக்ஸ் என்னும் ஐரிஷ் கணித வல்லுநரும் வகுத்தனர். ஓர் உருளைக்குழாயில் அமைதியாய் ஓடும் நீருக்கு இச்சமன்பாடுகளைக் கையாலேயே தீர்த்துவிடலாம். வளைந்து முறுக்கிய அலகுகளினூடே, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் சக்கரத்தில், சுழித்தோடும் வாயுவுக்கு அங்ஙனம் தீர்த்தல் எவராலும் இயலாது. ஆதலால் டர்பைனின் உள்வெளியைப் பல இலட்சம் சிறு அறைகளாகக் கணக்கிற் பகுத்து, ஒவ்வோர் அறையிலும் புகும் பொருள், வெளியேறும் பொருள், வெப்பம், அழுத்தம், வேகம் ஆகியவற்றைக் கணிப்பொறி மீண்டும் மீண்டும் கணக்கிட்டுச் சரிசெய்கின்றது. எல்லா அறைகளின் வரவு செலவும் ஒத்து வரும்போது கணக்கு முடிகின்றது. கிராமக் கணக்கர் வயல் வயலாக அளந்து ஊர் முழுமைக்கும் தீர்வை முடித்ததை இதற்கு ஒப்புமை கூறலாம்.

இம்முறையின் நன்மையை மறுப்பார் இலர். உலோகத்தை வார்த்துக் கடைந்து ஒரு சக்கரம் செய்து, அது பிழையெனக் கண்டு மறுமுறை செய்வதற்கு ஆகும் பொருளும் காலமும் மிகப் பெரியன. கணிப்பொறியிலோ நூறு சக்கரங்களை ஒரு திங்களிற் சுழற்றிப் பார்த்து, தகாதவற்றைத் தள்ளிவிடலாம். 200 பார் அழுத்தத்திலும் 600 பாகை வெப்பத்திலும் சுழலும் இயந்திரத்தினுட் கண்வைத்துப் பார்க்க எவராலும் ஆகாது. கணிப்பொறி அவ்விடத்தைப் படமாக்கிக் காட்டுகின்றது. ஏழை நாட்டுக்கு இது பெருங்கொடை என்றே சொல்லவேண்டும்.

ஆனால் கொடையை வாங்குவோர் அதன் குறையையும் அறிந்து வாங்கவேண்டும். முதற்குறை, வாயுவின் குணத்தைப் பற்றியது. பள்ளிக்கூடத்திற் பயின்ற வாயு விதியின்படி, 80 பார் அழுத்தத்திலும் 40 பாகை வெப்பத்திலும் ஒரு கன மீட்டர் கரியமில வாயு ஏறத்தாழ 135 கிலோகிராம் இருத்தல் வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 280 கிலோகிராம். எளிய விதியை நம்பிய கணிப்பொறி, பாதிக்கும் குறைவான எடையைக் கொண்டே கணக்கு முடித்து, அழகிய வண்ணப்படமும் வரைந்து தந்துவிடும். படத்தைப் பார்த்தவர்க்குப் பிழை தெரியாது. இவ்விடருக்கு மருந்தாக 1996-இல் ஜெர்மனியில் ஸ்பான், வாக்னர் என்னும் இருவர், அதுவரை செய்யப்பெற்ற அளவீடுகளையெல்லாம் ஆராய்ந்து, கரியமில வாயுவின் குணங்களைத் துல்லியமாகக் கூறும் ஒரு பெருஞ்சமன்பாட்டை வெளியிட்டனர். இன்று செவ்வையான கணிப்புக்கள் பெரும்பாலும் அதனையே ஆதாரமாகக் கொள்கின்றன. கணிப்பொறி தானாக எதனையும் அறியாது. யாரோ பொறுமையுடன் ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்ததையே அது திருப்பிச் சொல்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரண்டாவது குறை, கொந்தளிப்பைப் பற்றியது. ஓடும் வாயுவின் சுழிகள் பெரிதும் சிறிதுமாய் எண்ணிறந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிடப் பேராற்றல் படைத்த கணிப்பொறிகளும் போதா. ஆதலின் அவற்றின் சராசரி விளைவைச் சில குத்துமதிப்பான சூத்திரங்களால் ஈடுசெய்கின்றனர். அச்சூத்திரங்களில் வரும் எண்கள், பெரும்பாலும் காற்றையும் நீரையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து பெறப்பட்டவை. சிறிது வெப்பம் மாறினும் அடர்த்தி தலைகீழாய் மாறும் பொருளுக்கு அவை எம்மட்டில் பொருந்தும் என்பது சோதித்தே அறியத்தக்கது.

மூன்றாவது குறை, கணக்கில் எழுதாததைக் கணிப்பொறி காணாது என்பது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தார் நிமிடத்துக்கு 75,000 சுற்றுக்களுக்கென வகுத்த சிறு டர்பைன் ஒன்றை அமைத்துச் சோதித்தபோது, குழாய்களினின்றும் பெயர்ந்து வந்த நுண்துகள்கள் வாயு பாயும் வாயில்களை அரித்துவிட்டதைக் கண்டனர். துகள்கள் வருமென்று எழுதாத கணக்கு அரிப்பையும் காட்டாது. நமது வட்டாரத்திற் சீமைக்கருவேல மரத்தை அடுக்கிக் கரிமூட்டம் போடுவோரை நோக்குக. மூட்டத்தின் உள்ளே நடப்பதை அவர்களாலும் காண இயலாது. ஆயினும் புகையின் நிறத்தையும் மணத்தையும் கண்டு, எப்பக்கத்துத் துளையை அடைப்பது, எப்பக்கத்தைத் திறப்பது என்று முடிவு செய்கின்றனர். உள்ளே நடப்பதைக் கணித்துக்கொண்டே, வெளியே தோன்றும் அடையாளங்களால் அக்கணிப்பை அவர்கள் ஓயாது திருத்துகின்றனர். அவ்வாறு திருத்தப்படாத கணக்கு, எத்துணைப் பெரிய கணிப்பொறியில் முடிக்கப்பெற்றதாயினும், முழு அறிவு ஆகாது.

இனி அந்த 32 பாகைக்கு வருவோம். விளாத்திகுளத்தில், அடைமழை நாட்களும் மார்கழி தை மாதங்களின் குளிர்ந்த சில நாட்களும் நீங்கலாக, பகற்பொழுதின் வெப்பம் நிழலிலேயே 31 பாகையைத் தாண்டிவிடுவதை நாம் அறிவோம். கோடையிற் கரிசல் மண் வெடித்துப் பிளக்கும் காலத்தில் அது 37, 38 பாகையைத் தொடுவதும் புதிதன்று. காற்றினாற் குளிர்விக்கப்படும் வாயு, அக்காற்றினும் பல பாகை மிகுந்த சூட்டிலேயே நிற்கும் என்பது இயற்கை நியதி. ஆகவே சித்திரை மாதத்து நண்பகலில் இவ்வூரிலே கரியமில வாயுவை 32 பாகைக்குக் காற்றினாற் குளிர்விப்பது நடவாத செயல். 45 அல்லது 50 பாகையையே எதிர்பார்க்கவேண்டும். இதன் விளைவைச் சில எண்களாற் காட்டுகின்றேன். 80 பார் அழுத்தத்தில், 30 பாகை வெப்பத்திற் கரியமில வாயு கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம். 35 பாகையில் 420. 40 பாகையில் 280. பத்துப் பாகைக்குள் அடர்த்தி பாதிக்கும் கீழே விழுந்துவிடுகின்றது. அடர்த்தி குறையவே அழுத்தும் வேலை மிகுகின்றது; எந்த வட்டிக் குறைவை நம்பி இவ்வியந்திரத்தை நாடினோமோ, அந்த வட்டி மீண்டும் ஏறத் தொடங்குகின்றது. குளிர்நாட்டுக் கணக்கிற் கண்ட எண்ணைக் கரிசல் நாட்டுக்கு அப்படியே கொண்டுவருதல், பனிநாட்டு விதையை நம் மானாவாரி நிலத்தில் ஊன்றி, அந்நாட்டு விளைச்சலை இங்கே எதிர்பார்ப்பது போலாகும்.

காற்று ஆகாதெனின் கடல்நீர் உண்டே என்று ஒருவர் கூறலாம். தூத்துக்குடியில் 1979 முதல் ஒவ்வொன்றாய் நிறுவப்பெற்ற 210 மெகாவாட் அனல்மின் அலகுகள் ஐந்தும் கடற்கரையில்தானே அமைந்தன? உண்மையே. ஆனால் மன்னார் வளைகுடாவின் நீர் வடகடல் நீரன்று. 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் கோடையில் அந்நீர் 30 பாகைக்கு மேற் சூடேறியமையால், தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் வெளுத்தன. ஒரு பகுதி மடிந்தும் போயிற்று. கரியமில வாயுவை 32 பாகைக்குக் குளிர்விக்கக் கடல்நீரை நாம் மிகவும் நாடும் அம்மாதங்களிலேயே அந்நீரும் 30 பாகையைத் தாண்டி நிற்கின்றது. அன்றியும், அதே மாதங்களில்தான் கடலுக்கு மேலும் வெப்பத்தைச் சுமத்துவது பெருந்தீங்கு. கடலை நம்பி வாழும் ஊர்களின் நலமும் இக்கணக்கில் ஓர் எண்ணாக இடம்பெற வேண்டாவா?

ஆகவே இவ்வியந்திரம் நமக்கு ஆகாது என்று முடிவு கட்டலாமோ எனின், அதுவும் பிழை. நீராவிச் சுற்றினும் இச்சுற்றுக் காற்றுக் குளிர்ச்சிக்கு இசைந்தது என்பது கற்றோர் பலர் கருத்து. காரணம், நீராவி ஒரே வெப்பநிலையில் நின்று நீராகின்றது. கரியமில வாயுவோ ஏறக்குறைய நூறு பாகையிலிருந்து படிப்படியாகத் தன் வெப்பத்தைக் கைவிடுகின்றது. ஆகையால் சூடான காற்றும் அதனைப் பெரும்பகுதி குளிர்விக்கவல்லது. குடிநீருக்கே குடங்களை வரிசையாய் வைத்துக் காத்திருக்கும் வட்டாரத்தில், தண்ணீர் கேளாத இயந்திரம் என்பது அற்பச் செய்தியன்று. மேலும், வெப்ப நாட்டுக்கென்றே வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. வாயுவின் கீழெல்லை அழுத்தத்தை 80 பாரிலிருந்து 100 பார் அளவுக்கு உயர்த்துதல் ஒன்று. கரியமில வாயுவோடு வேறொரு பொருளைச் சிறிதளவு கலந்து, மாறுநிலை வெப்பத்தையே உயர்த்திவிடுதல் மற்றொன்று; ஐரோப்பாவில் 2019-இல் ஸ்காராபியஸ் என்னும் பெயரில் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் இதற்கென்றே வகுக்கப்பெற்றது. இவற்றுள் எது நம் நாட்டு வெயிலுக்கு ஏற்றது என்பதை விளாத்திகுளத்து வெப்பப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கிட்டாலன்றி யாராலும் சொல்ல இயலாது.

நம் நாட்டில் இத்துறையில் முயற்சி இல்லாமலில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கார்க், பிரமோத் குமார், சீனிவாசன் ஆகியோர் 2013-இல் சூரிய வெப்பத்தோடு இச்சுற்றினை இணைப்பது பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். அக்கழகத்தில் அமைக்கப்பெற்ற கரியமில வாயுச் சோதனைச் சுற்று 2017-இல் நாட்டுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. இந்திய அமெரிக்க நாடுகளின் கூட்டுச் சூரிய ஆற்றல் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் அது நடைபெற்றது. கணக்கிட்டதோடு நில்லாமல், குழாயும் கருவியும் அமைத்துக் கணக்கைச் சோதித்துப் பார்க்க முனைந்தனர் என்பதே அம்முயற்சியின் சிறப்பு. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் மாறுநிலை கடந்த கரியமில வாயுவைச் சுற்றுக் குழாயில் ஓடவிட்டு, அளவீடுகளைக் கணிப்போடு ஒப்பிட்டுள்ளனர். பிடித்த கரியமில வாயுவைப் பயன்படுத்துவதிலோ தூத்துக்குடியே வழிகாட்டியாய் நின்றது. அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடா உப்புச் செய்யும் அமைப்பு 2016-இல் தொடங்கப்பெற்றது. காரக்பூர் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற இளைஞர் இருவர் தொடங்கிய நிறுவனத்தின் முறை அது. நம் கரையிலே நம்மவர் முறையாற் செய்யத்தக்க செயல்கள் உள என்பதற்கு அதுவே சான்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "சூரியத் தகடுகளும் காற்றாலைகளும் மலிந்துவிட்ட இக்காலத்தில் இத்துணைச் சிக்கலான இயந்திரம் எதற்கு? பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரியத் தகட்டு நிலையம் 2016-லேயே அமைந்துவிட்டதே" என்பர். ஆட்சேபம் வலியுடையது, அதனை எள்ளி நகையாடுதல் தகாது. பகலொளியை நேரே மின்சாரமாக்குவதில் தகட்டுக்கு நிகரான மலிவு இச்சுற்றுக்கு இன்று இல்லை. ஆனால் சூரியன் மறைந்தபின் தகடு உறங்குகின்றது. வெப்பமாகச் சேர்த்து வைத்த ஆற்றலை இரவில் மின்சாரமாக்கவும், சிமெண்டுச் சூளைகளிலும் உலைக்கூடங்களிலும் வீணாய்ப் போகும் சூட்டைப் பயன்படுத்தவும் ஒரு சுழலி வேண்டும். அது சிறிதாயும் தண்ணீர் கேளாததாயும் இருத்தல் நமக்கு நலம். அத்தகைய சுழலி இதுவேயாகுமா, அன்றி மின்கலங்களே மலிந்து இதனை முந்திவிடுமா என்பது இன்னும் தீராத வழக்கு. வழக்குத் தீருமுன் நம் பக்கத்துச் சான்றுகளைத் திரட்டி வைத்தல் நம் கடமை. சான்றின்றி மன்றம் ஏறுபவன் பிறர் சொன்ன தீர்ப்பையே ஏற்க நேரும்.

"கலைக்கல்லூரி மாணவர்க்கு இதில் என்ன வேலை?" என்பது மற்றோர் ஆட்சேபம். இதனை யான் ஒப்புக்கொள்ளேன். டர்பைன் வார்ப்பதற்கு நம்மிடம் உலைக்களம் இல்லை, மெய்தான். ஆயினும் கணக்கிடுதற்கு வேண்டுவன எல்லாம் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. கரியமில வாயுவின் குணங்களைக் கூறும் கூல்ப்ராப் என்னும் மென்பொருளும், வாயுக்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருளும் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை; பின்னதைக் கற்பிப்பதற்கென்றே மும்பைத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு திட்டம் நடைபெற்று வந்திருக்கின்றது. சுற்று முழுவதன் வரவு செலவைக் கணக்கிட ஒரு சாதாரண கணிப்பொறியே போதும். அதனினும் பெரிய கணக்குகளுக்குத் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் தொடங்கப்பெற்ற பேராற்றல் கணிப்பொறி இருக்கின்றது. வள்ளுவர் வகுத்த முப்பாலுள் ஒன்றின் பெயரைத் தாங்கிப் பரம் பொருள் என வழங்கும் அஃது, நொடிக்கு எண்ணூறு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளைச் செய்யவல்லது. வெப்பப் பதிவுகளுக்கோ நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் கரிசல் நிலத்தை ஆராய்ந்து வருகின்றது. இல்லாதது ஒன்றே: இது நம் வேலை என்னும் எண்ணம்.

ஆதலின் மூன்று செயல்களை நம் கல்லூரியார்முன் வைக்கின்றேன். முதலாவது, பௌதிக, கணித வகுப்புக்களின் இறுதியாண்டு மாணவர் சிலர் கூடி, விளாத்திகுளம் வட்டாரத்தின் மணிவாரி வெப்பநிலைகளை ஓராண்டு முழுதும் திரட்டி, அவ்வெப்பத்தில் இச்சுற்றின் திறன் நாள்தோறும் எவ்வாறு ஏறி இறங்கும் என்று கணக்கிட்டு வெளியிடல் வேண்டும். ஒரு நண்பகல் எண்ணும் ஒரு சராசரி எண்ணும் போதா. பன்னிரண்டு மாதங்களும் வேண்டும். இரண்டாவது, தம் கணக்கின் ஒவ்வோர் அடிப்படையையும், அதாவது எந்தச் சமன்பாடு, எத்தனை அறைகள், எந்தக் கொந்தளிப்புச் சூத்திரம், எந்த உட்புகு வெப்பம் என்பவற்றை, தமிழில் எவரும் படித்தறியும்படி எழுதி வைத்தல் வேண்டும். அறைகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கினும் விடை மாறாதிருக்கின்றதா என்பதையும், பெங்களூரிலும் பிறவிடங்களிலும் அளந்து வெளியிட்ட அளவுகளோடு தம் விடை ஒக்கின்றதா என்பதையும் மறவாது காட்டல் வேண்டும். மூன்றாவது, நம் வட்டாரத்தில் எவ்வகை மின்நிலையம் எழுவதாயினும், 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடைபெற வேண்டியிருந்தால், அக்கூட்டத்திற்கு நம் மாணவர் சென்று, "உங்கள் கணக்கிற் குளிர்நிலை எத்தனை பாகை? அது எந்த ஊர் வெயிலில் அளந்தது?" என்று பணிவோடு கேட்டல் வேண்டும். இவ்வொரு கேள்வி நூறு பக்க அறிக்கையின் உண்மையை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகும்.

1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியபோது, கப்பல்களை வெளிநாட்டிலிருந்தே வாங்க நேர்ந்தது. அன்று நமக்கு வேறு வழியில்லை. அவ்வளவில் செய்ததே அருஞ்செயல். இன்று கப்பலை வாங்குவதினும் அரியதன்று அதன் கணக்கை நாமே போடுவது. இயந்திரத்தை விலைக்குக் கொள்ளலாம். அது நம் வெயிலில் எங்ஙனம் ஓடும் என்னும் அறிவை விலைக்குக் கொள்ள இயலாது. பிறர் அதனைக் கணக்கிட்டுத் தரமாட்டார், ஏனெனில் அவர்களுக்கு இவ்வெயில் இல்லை.

கணிப்பொறியை அஞ்சி விலகுவோரும் உளர். அதன் படத்தைக் கண்டு மயங்கி வணங்குவோரும் உளர். இவ்விரு சாராரும் அறிவின் வழியில் நிற்பவரல்லர். கணக்கை மதித்து, அதன் அடிப்படையைக் கேட்டு, அளந்த அளவோடு ஒப்பிட்டு, ஒவ்வாத இடத்தில் திருத்துபவரே விஞ்ஞான மாணவர் என்னும் பெயருக்கு உரியவர். வரும் ஆண்டு மலரில், நம் மாணவர் கையாற் கணக்கிடப்பெற்ற கரிசல் நாட்டு வெப்பத்தின் பன்னிரு மாதப் பட்டியல் ஒன்று வெளிவருமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன். அப்பட்டியலை மறுத்து, வேறு கணக்குக் காட்டி, மற்றொரு மாணவர் கட்டுரை எழுதுவராயின், அதனினும் மிக்க மகிழ்ச்சி எய்துவேன்.